கடைவீதிக்குள் குதிரைகளை அனுப்பாதீர்கள்: விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

விழாக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், விழாவின் பாதுகாப்புப் பொறுப்பில் இருக்கும் அலுவலர்களுக்கும்,

இந்த ஆடித் திருவிழாவில் தன்னார்வக் குதிரை ரோந்தை, வண்டி நிறுத்தும் உழவுக்காட்டிலிருந்தும் மாடு, குதிரை கட்டும் வரிசைகளிலிருந்தும் எடுத்து, கடைவீதியிலும் சாமி ஊர்வலப் பாதையிலும் நிறுத்த முடிவு செய்திருக்கிறீர்கள். குதிரை வைத்திருக்கும் யாரும் பெயர் கொடுக்கலாம், 30 குதிரைவரை சேர்த்துக்கொள்வோம், ஆளுக்கொரு பனியனும் லத்தியும் தருவோம் என்றும் அறிவித்துவிட்டீர்கள். எங்களால் இதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. குதிரையைக் கொண்டுவருவது நாங்கள், அதன்மேல் ஏறி உட்காருவதும் நாங்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்ற வருத்தம் இருக்கிறது. அதைவிடப் பெரிய வருத்தம், குதிரை என்ன செய்யும் என்பதைக் கணக்கில் எடுக்காமலேயே முடிவு எடுத்திருக்கிறீர்கள் என்பது.

ரோந்து வேண்டும் என்பதில் உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே எண்ணம்தான். எங்கே வேண்டும் என்பதில்தான் பிரிகிறோம். கூட்டத்தின் ஓரத்தில் குதிரையால் பெரிய உபகாரம் உண்டு. சேணத்தில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய எட்டடி உயரத்தில் இருக்கிறது. வேனும் டெம்போவும் நெருக்கி நிற்கும் காட்டில் நடந்து போகிறவருக்கு அடுத்த வரிசை தெரியாது. குதிரைமேல் இருப்பவருக்கு நாலு வரிசைக்கு அப்பால் குனிந்து பெட்ரோல் குழாயைப் பிடுங்குகிறவனின் முதுகு தெரியும். உழுத காட்டில் ஜீப் இறங்காது. மழை தூறினால் பைக்கும் சிக்கும். குதிரை அங்கெல்லாம் போய்வரும். மாட்டு வரிசைகளில் வைக்கோலும் அடுப்பும் பக்கத்தில் பக்கத்திலேயே இருக்கின்றன. புகை கிளம்பியதும் முதலில் கண்ணில் படுவது மேலே இருப்பவருக்குத்தான். வெயிலில் மயங்கி வண்டிகளுக்கு நடுவே விழுந்துகிடக்கும் பெரியவர், அப்பா அம்மாவைத் தவறவிட்டு அழுதுகொண்டே ரோட்டுப் பக்கம் போகும் குழந்தை, கயிறு அறுத்துக்கொண்ட காளை என்று ஓரத்தில் நடப்பவற்றை ஒரு ஜோடிக் குதிரை ஒரு சுற்றில் பார்த்துவிடும்.

காளை விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அறுத்துக்கொண்ட மாட்டைக் குதிரையில் துரத்தக் கூடாது. துரத்தினால் அதன் வேகம் கூடும், எங்கே ஆள் கத்துகிறார்களோ அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பும், அங்கேதான் கடைகள் இருக்கும். தெரிந்தவர்கள் மாட்டுக்கு இணையாக, இருபது முப்பதடி தள்ளி, கூட்டம் இருக்கும் பக்கமாகக் குதிரையை நடத்திக்கொண்டே போவார்கள். குதிரை ஒரு சுவர்போல் அந்தப் பக்கத்தை மறைத்துக்கொள்ளும். மாடு வெட்டவெளியைப் பார்த்து நடக்கும். மாட்டுக்காரர் கயிறோடு வந்து சேரும்வரை அவ்வளவு போதும். இதைக் காட்டில் செய்யலாம். கடைவீதியில் எப்படிச் செய்வது?

வீதியின் கணக்கைப் பாருங்கள். உங்கள் வரைபடத்தில் அது 20 அடி. இரண்டு பக்கமும் கடைக்காரர்கள் பலகை போட்டு மும்மூன்றடி முன்னே வந்துவிட்டால் மிச்சம் 14 அடி. குதிரை மூக்கிலிருந்து வால்வரை சுமார் எட்டடி. பின்னங்காலால் உதைத்தால் அதற்குப் பின்னால் இன்னும் ஐந்தாறடி எட்டும். ஆக, குதிரையும் அது உதைத்தால் எட்டும் தூரமும் சேர்ந்து வீதியின் முழு அகலம். நேராக நடக்கும்வரை இது தெரியாது. திரும்பும்போதுதான் தெரியும். முன்னங்காலை ஊன்றித் திரும்பும் குதிரையின் பின்பாகம், வளையல் கடையிலிருந்து எதிர்ப்புறத்துப் பொரிக்கடைவரை இருக்கும் அத்தனை பேரையும் துடைத்துக்கொண்டு வரும். சவாரி செய்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது.

சென்னை மெரினாவில் காவல்துறைக் குதிரைகள் வருகின்றனவே, கொல்கத்தாவில் கால்பந்து ஆட்ட நாட்களில் மைதானத்தில் நிற்கின்றனவே என்று கூட்டத்தில் கேட்டீர்கள். மெரினா திறந்த மணல்வெளி. கொல்கத்தா மைதானமும் அப்படியே. குதிரை ஓரடி முன்வைத்தால் மக்கள் ஈரடி பின்வைக்க அங்கே இடம் இருக்கிறது. குதிரை கூட்டத்தை நகர்த்துவது பலத்தால் அல்ல. ஒதுங்க இடமிருக்கும்போது ஜனங்கள் தாமாகவே ஒதுங்குகிறார்கள், அவ்வளவுதான். ஒரு சதுர மீட்டரில் நாலைந்து பேர் நிற்கும் இடத்தில் ஒதுங்க இடமே கிடையாது. அங்கே முந்நூற்றைம்பது, நானூறு கிலோ எடையுள்ள உயிரை உள்ளே நுழைத்தால், முன்வரிசை பின்வரிசைமேல் சாயும், பின்வரிசை விழும். நெரிசலைத் தடுக்க என்று அனுப்பிய குதிரையே நெரிசலை உண்டாக்கும். அந்தக் காவல்துறைக் குதிரைகள் மாதக்கணக்கில் பழக்கப்பட்டவை என்பதும், அவற்றுக்கு வேறு வேலை கிடையாது என்பதும் இன்னொரு பக்கம்.

நம்மிடம் இருக்கும் குதிரைகள் எப்படிப்பட்டவை? இதைத்தான் நீங்கள் முக்கியமாக யோசிக்க வேண்டும்.

அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் பார்ப்பதுபோல, நம் பக்கத்தில் பேர்பெற்றவை மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகள். அவற்றில் பல நாட்டியக் குதிரைகள். மேளம் ஒலித்தால் முன்னங்காலைத் தூக்கி ஆட வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே பழக்கப்பட்டவை. ஆடினால் வெல்லம், ஆடாவிட்டால் சாட்டை என்று பழகியவை. அப்படிப்பட்ட குதிரையை உருமியும் தப்பும் அதிரும் ஊர்வலத்துக்கு இரண்டு பக்கமும் நிறுத்தப் போகிறீர்கள். அது மிரண்டு ஆடாது. நமக்குப் பிடித்ததைச் செய்கிறோம் என்று நினைத்து ஆடும். பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கும். கயிற்றை ஒட்டி நிற்கும் குழந்தைகளின் தலைக்கு மேலே அதன் லாடம் இருக்கும்.

அடுத்தது ரேக்ளாக் குதிரை. பந்தயத்தில் பின்னால் பைக்கில் வருகிறவர்கள் விசில் அடிப்பார்கள், ஹாரன் அடிப்பார்கள், கத்துவார்கள். அந்தச் சத்தம் என்றால் ஓடு என்று அர்த்தம், அந்தக் குதிரைக்கு. ரோந்தில் உங்கள் காவலர்களும் தொண்டர்களும் விசில்தான் வைத்திருக்கிறார்கள். கூட்டத்தைக் கலைக்க ஒருவர் நீளமாக ஒரு விசில் ஊதினால் போதும்.

மூன்றாவது, விற்பனைக்கு வந்த குதிரை. நேற்றுத்தான் லாரியில் வந்திறங்கியிருக்கும். புதிய தண்ணீர், புதிய ஆள், பக்கத்தில் அறியாத குதிரைகள். அதன் குணம் அதை விற்பவருக்கே முழுசாகத் தெரியாது. இந்த அறிவிப்பைப் பார்த்து, 'சாமி பாதுகாப்புக்கே போன குதிரை' என்று சொல்லி விலையை ஏற்றலாமென்று முதலில் பெயர் கொடுப்பவர்களும் இவர்களாகத்தான் இருப்பார்கள். தப்பு அவர்கள்மேல் மட்டும் இல்லை. யாரும் வரலாம் என்று கதவைத் திறந்துவைத்தது நீங்கள்.

காயடிக்காத ஆண் குதிரைகளைப் பற்றித் தனியாகச் சொல்கிறோம். சந்தையில் பெட்டைகள் நிறைய இருக்கும். சிலது பருவத்தில் இருக்கும். காற்றில் வாடை வந்தால் ஆண் குதிரை உதட்டைச் சுருட்டி மேலே தூக்கும், கனைக்கும், அதற்குப் பிறகு கடிவாளத்தை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளாது. அதை ஊருக்குள் ரோந்துக்கு விடுவது கைபிரேக் இல்லாத வண்டியை மேட்டில் நிறுத்துவதற்குச் சமம்.

நல்ல குணமுள்ள குதிரைக்கும் கண் ஒரு மாதிரிதான். அதற்கு ஏறக்குறைய தன்னைச் சுற்றி முழு வட்டமும் தெரியும். தெரியாத இடங்கள் இரண்டுதான். நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சம். குழந்தைகள் வந்து தொடுவது எங்கே? மூக்கையும் வாலையும்தான். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தால் அதன் கண் பழக நம் கண்ணைவிட நெடுநேரம் ஆகும். காட்டு இருட்டிலிருந்து சீரியல் பல்பு வளைவுக்குள் நுழைந்ததும் சில நொடிகள் அது பாதிக் குருடாகத்தான் நடக்கிறது. மின்னி மின்னி ஓடும் எல்.இ.டி. விளக்கின் நிழல் தரையில் ஓடினால் அதைப் பள்ளம் என்று நினைத்துத் தாண்டும்.

ஆடி மாதம் என்பதையும் மறந்துவிட்டீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நம் பக்கத்தில் ஆடியில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்றில் படபடக்கும் ஃபிளெக்ஸ், கழன்ற தார்பாய், பறந்துவரும் கேரிபேக் இந்த மூன்றும்தான் குதிரையை வெடிச்சத்தத்தைவிட அதிகம் மிரட்டுபவை. கடைவீதியில் பத்தடிக்கு ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறீர்கள்.

சென்ற ஆண்டு கடைசி நாள் சாயங்காலம் சோதனைக்கு என்று நாலு குதிரைகளை வீதிக்குள் வரச் சொன்னீர்கள். நடந்ததை எழுத்தில் தரும்படி யாரும் கேட்கவில்லை, இப்போது தருகிறோம். கரும்புச்சாறு கடையின் ஐஸ் தண்ணீர் சிமெண்ட் ரோட்டில் வழிந்திருந்தது. இரும்பு லாடத்துக்கும் ஈர சிமெண்டுக்கும் பிடிப்பே கிடையாது. ஒரு குதிரை முன் முழங்காலில் விழுந்து தோல் உரிந்தது. இன்னொன்றின் லகான், தாழ்வாகத் தொங்கிய சீரியல் ஒயரில் மாட்டியது. ஒயர் பிய்ந்து கீழே விழுந்தது, மின்சாரம் அப்போது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மூன்றாவது குதிரைக்கு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் தொண்டர் ஒருவர், சவாரி செய்பவர் தண்ணீர் குடித்து வருவதற்குள் உதவி செய்கிறேன் என்று, லகானை இரும்புத் தடுப்பில் கட்டிவிட்டார். நல்ல மனசோடு செய்ததுதான். குதிரை ஈயை விரட்டத் தலையைத் தூக்கியது. தடுப்பின் கால் சிமெண்டில் உரசிக் கிறீச்சிட்டது. குதிரை ஓரடி பின்வாங்கியது. தடுப்பும் ஓரடி கூடவே வந்தது. குதிரையின் கணக்கில், தன்னை ஏதோ துரத்துகிறது. இன்னும் வேகமாகப் பின்வாங்கியது, தடுப்பு இன்னும் வேகமாக வந்தது. ராட்டினத்துக்குப் பத்தடி முன்னால் லகான் அறுந்தபிறகுதான் நின்றது. அதன் நாக்கைக் கடிவாள இரும்பு பாதி அளவுக்கு வெட்டியிருந்தது. ராட்டினத்துக்கு வரிசையில் நின்ற பிள்ளைகளைப் பலூன் விற்கும் அம்மா ஒருவர் இரண்டு கையாலும் வாரி ஒதுக்காமல் இருந்திருந்தால் இந்த மடலே வேறு மாதிரி இருந்திருக்கும்.

எந்தக் குதிரையையும் லகானில் கட்டக் கூடாது. தலைக்கயிற்றில்தான் கட்ட வேண்டும். அசையும் எதிலும் கட்டக் கூடாது. ஊன்றிய கல்தூணிலோ வேரோடிய மரத்திலோ, குதிரையின் தோள் உயரத்தில், ஒரு கை நீளம் மட்டும் கயிறு விட்டு, ஒரு முனையை இழுத்தால் மொத்தமும் அவிழும் உருவு முடிச்சில் கட்ட வேண்டும். கயிறு நீளமானால் கால் மாட்டும். இதைத் தெரிந்த ஓர் ஆளை ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தாமல் குதிரையை நிறுத்த முடியாது.

லத்தியைப் பற்றி. எங்களுக்கு அது வேண்டாம். ஒரு கையில் லத்தி இருந்தால் லகானுக்கு ஒரு கைதான் மிச்சம். கை ஓங்கினால் அதைக் குதிரை தனக்கென்று நினைக்கும். அதைவிட, தன்னார்வலருக்குப் பொதுஜனத்தை அடிக்கும் அதிகாரம் எந்தச் சட்டத்திலும் இல்லை. கண்ணெதிரே பெரிய குற்றம் நடந்தால் பிடித்துப் போலீசிடம் ஒப்படைக்க எல்லாக் குடிமக்களுக்கும் உள்ள உரிமைதான் எங்களுக்கும். எங்கள் வேலை பார்ப்பது, சொல்வது, ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் நிற்பது. அமெரிக்காவில் கவுண்டி எனப்படும் மாவட்டங்களின் கண்காட்சிகளில், ஷெரிஃப் என்னும் காவல் அதிகாரியின் அலுவலகத்தின் கீழ் வேலை செய்யும் தன்னார்வக் குதிரை அணிகள் பல, வண்டி நிறுத்தும் இடங்களைச் சுற்றிவந்து கண்டதை வயர்லெஸ்ஸில் சொல்வதைத்தான் பிரதான வேலையாக வைத்திருக்கின்றன.

சட்டம் என்று வரும்போது யார் மாட்டுவார்கள் என்பதையும் பேசிவிடுவோம். தன் வசம் இருக்கும் விலங்கால் மனித உயிருக்கு ஆபத்து வராமல் தகுந்த ஜாக்கிரதை எடுக்கத் தவறினால் ஆறு மாதம்வரை சிறை என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 289ஆம் பிரிவாக இருந்தது. வசம் வைத்திருப்பவர் என்றால் குதிரைக்காரர். இடத்தை முடிவு செய்வது நீங்கள், நேரத்தை முடிவு செய்வது நீங்கள். ஒரு குழந்தைக்கு அடிபட்டால் வழக்கு எங்கள்மேல். நீங்கள் அனுப்பிய படிவத்தில் 'எல்லா விளைவுகளுக்கும் நானே பொறுப்பு' என்று கையெழுத்தும் கேட்கிறீர்கள். காப்பீடு பற்றி ஒரு வரி இல்லை.

வேலை நேரம் காலை 9 முதல் இரவு 10 வரை என்று போட்டிருக்கிறீர்கள். வண்டி இழுக்கும், சுமை தூக்கும் விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளே ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் கூடாது, இடைவிடாமல் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 வரை வேலை வாங்கக் கூடாது என்கின்றன. முள் வைத்த கடிவாளத்தையும் அதே விதிகள் தடை செய்கின்றன. சந்தையில் இன்னும் சிலர் அதைத்தான் போடுகிறார்கள். சத்தத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நிற்கும் குதிரைக்கு மனக்களைப்பு உடல்களைப்பைவிட முன்னால் வரும். இரண்டு மணி நேரம் வேலை, பிறகு சேணத்தை இறக்கி நிழலில் ஒரு மணி நேரம் ஓய்வு, ஒரு நாளைக்கு மொத்தம் நாலு மணி நேரம். இதற்கு மேல் வாங்கினால் காலையில் சாதுவாக இருந்த குதிரை இரவு எட்டு மணிக்குக் கடிக்கும்.

களைத்ததா என்று பார்க்கப் பெரிய படிப்பு தேவையில்லை. சாதாரணமாக நிற்கும் குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சு விடும். நாடி 28 முதல் 44. தாடை எலும்பின் உள்பக்கம் விரல் வைத்தால் நாடி ஓடும். 15 நொடி எண்ணி நாலால் பெருக்கிக்கொள்ளலாம். வேலையிலிருந்து இறக்கிக் கால் மணி நேரம் ஆகியும் நாடி 60க்குக் கீழே வரவில்லை என்றால் அன்றைக்கு அந்தக் குதிரைக்கு வேலை முடிந்தது. ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். சூடேறிய குதிரைமேல் தண்ணீர் ஊற்றினால் ஜன்னி வரும் என்று சொல்லித் தடுக்கிறார்கள், அது தவறு. தொடர்ந்து ஊற்ற வேண்டும், ஊற்ற ஊற்ற வழித்துவிட வேண்டும், குடிக்கவும் கொடுக்க வேண்டும்.

தண்ணீர் இன்னொரு பெரிய குறை. ஒரு குதிரைக்குச் சும்மா நின்றாலே நாளொன்றுக்கு 30, 40 லிட்டர் வேண்டும். வெயிலில் வேலை செய்தால் 50ஐத் தாண்டும். சந்தை முழுக்க மாடும் குதிரையும் வாய் வைக்கும் ஒரே சிமெண்ட் தொட்டிதான் எங்களுக்கும் என்கிறீர்கள். தாடைக்கடியில் கட்டி வைத்து மூக்கில் சீழ் வடியும் நோய் ஒரு குதிரைக்கு இருந்தால், அந்தத் தொட்டி வழியாக அது ஊரெல்லாம் போகும். கிளாண்டர்ஸ் அதைவிடக் கொடியது. குதிரையிலிருந்து மனிதருக்கும் தொற்றும், தடுப்பூசி கிடையாது. விலங்குகளின் தொற்றுநோய்களைத் தடுக்கும் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கட்டாயமாக அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். ரத்த மாதிரி எடுத்துப் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். நாட்டில் அதற்குத் தலைமை ஆய்வகம் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம். ஆகவே கொடியேற்றத்துக்கு முந்தின நாள் டாக்டரைக் கூப்பிட்டால் எதுவும் ஆகாது. ஜனங்கள் கைவைத்துத் தொடப்போகும் குதிரைகளை எந்தப் பரிசோதனையும் இல்லாமல் சேர்க்கிறீர்கள் என்பதை நினைத்தாலே பதைக்கிறது.

பக்தர்கள் ஆசையாகப் பொங்கலும் பிரெட்டும் ஊட்டுவார்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தின்னக் கூடாததைத் தின்றால் வயிறு கட்டிக்கொண்டு புரளும், சில சமயம் செத்தே போகும். வீதியில் நிற்கும் குதிரைக்கு இதைத் தடுக்கவே முடியாது. காட்டு ஓரத்தில் நடந்துகொண்டே இருக்கும் குதிரைக்கு இந்தத் தொல்லை குறைவு.

இனி, செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். இவை நாங்கள் வைக்கும் கோரிக்கைகள்.

கடைவீதியிலும் ஊர்வலப் பாதையிலும் குதிரை நிறுத்தும் முடிவைக் கொடியேற்றத்துக்கு 20 நாள் முன்பாக எழுத்தில் ரத்து செய்யுங்கள். ரோந்தை வண்டி நிறுத்தும் காடு, கால்நடை வரிசைகளின் வெளிச்சுற்று, ஊருக்குள் வரும் மண்பாதைகள் ஆகிய இடங்களுக்குத் திருப்பி அனுப்புங்கள். வீதிக்குள் நடந்து போகும் தொண்டர்கள் போதும். கூடுதலாக வேண்டுமென்றால் ஊர்க்காவல் படையைக் கேளுங்கள்.

30 குதிரை வேண்டாம். தேறிய எட்டுக் குதிரை போதும். இரண்டிரண்டாக நாலு ஜோடி, அதில் இரண்டு ஜோடி எப்போதும் ஓய்வில். ஒற்றைக் குதிரையை எங்கும் அனுப்பக் கூடாது. துணையில்லாத குதிரை மற்றக் குதிரைகளைத் தேடி ஓடும். ஒவ்வொரு ஜோடியோடும் தரையில் ஓர் ஆள் நடக்க வேண்டும். பின்பக்கம் வரும் குழந்தைகளைத் தள்ளி நிறுத்துவதும், சாணம் அள்ளுவதும், கயிறு பிடிப்பதும் அவர் வேலை.

தேர்வை ஒரு நாள் முழுக்க, ஜனமில்லாத திடலில் நடத்துங்கள். ஆறு வயதுக்குக் குறைந்த குதிரையும், காயடிக்காத ஆண் குதிரையும், விற்பனைக்கு வந்த குதிரையும் தேர்வுக்கே வரக் கூடாது. முப்பதடி தள்ளிக் குடை விரித்துக் காட்டுங்கள். தரையில் தார்பாய் விரித்து அதன்மேல் நடத்தச் சொல்லுங்கள். பின்னால் பைக்கை ஸ்டார்ட் செய்யுங்கள், விசில் ஊதுங்கள், பலூன் உடையுங்கள். மேளத்தை முந்நூறடியில் தொடங்கி மெல்ல மெல்லப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். எந்தக் குதிரையும் முதலில் திடுக்கிடும். அதற்காகத் தள்ள வேண்டாம். இரண்டு மூன்று நொடிக்குள் கால் ஊன்றி, தலை தாழ்த்தி, ஏறியிருப்பவர் கைக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். ஓடினால், உதைத்தால், பின்னங்காலில் எழும்பினால், மேளத்துக்கு ஆடினால் அந்தக் குதிரை வேண்டாம். கடைசியாக, மற்றக் குதிரைகளோடு வரிசையில் 20 நிமிடம் சும்மா நிற்கச் சொல்லுங்கள். பல குதிரைகள் தோற்பது இதில்தான்.

ஏறுபவருக்கும் விதி வேண்டும். தலைக்கவசம் கட்டாயம். செருப்போடும் தட்டையான ஷூவோடும் யாரையும் ஏற விடாதீர்கள். குதிகால் இல்லாத காலணி, கால் வைக்கும் வளையமான அங்கவடிக்குள் முழுசாக நுழைந்துவிடும், விழுந்தால் குதிரை இழுத்துக்கொண்டே ஓடும். அங்கவடி, ஷூவின் அகலத்தைவிட ஒரு விரல் அகலமாவது கூட இருக்க வேண்டும். ஏறிப் பத்து நிமிடம் நடந்ததும் இறங்கி வயிற்றுவாரை மறுபடி இறுக்க வேண்டும். சேணம் போடும்போது வயிறு உப்பிக்கொள்ளும் குதிரைகள் உண்டு. இரவில் குதிரையின் நாலு காலிலும், ஏறியவர் மார்பிலும் முதுகிலும் வெளிச்சம் திருப்பும் பட்டை வேண்டும். லத்தி வேண்டாம், ஆளுக்கொரு வயர்லெஸ்ஸும் விளக்கும் தாருங்கள்.

வேலை நேரத்தைக் காலை 6 முதல் 10 வரையும் மாலை 5 முதல் 9 வரையும் என்று வையுங்கள். ரோந்துக் குதிரைகளுக்குத் தனியாக ஒரு தண்ணீர் டேங்கர், குதிரைக்கொரு வாளி, மரநிழலில் அசையாத கல்தூண்கள் நட்ட ஓய்விடம் வேண்டும். கொள்ளும் புல்லும் தவிடும் நாங்களே கொண்டுவருகிறோம். பணம் எதுவும் கேட்கவில்லை.

கால்நடைப் பராமரிப்புத் துறைக்கு இந்த வாரமே எழுதி, கிளாண்டர்ஸ் பரிசோதனைக்கு ரத்த மாதிரி எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். சான்று இல்லாத குதிரை திடலுக்குள் வரக் கூடாது. விழா நாட்களில் ஒரு கால்நடை மருத்துவர் இரவு ஒன்பதுவரை ஓய்விடத்தில் இருக்க வேண்டும். மூன்றாம் நபருக்கான காப்பீட்டை விழாக் குழுவின் பெயரில் எடுங்கள். எல்லாப் பொறுப்பும் குதிரைக்காரருக்கே என்னும் படிவத்தைத் திரும்பப் பெறுங்கள்.

தேர்வு நடத்தவும், தொண்டர்களுக்கு உருவு முடிச்சு கட்டக் கற்றுக்கொடுக்கவும், இடத்தைச் சுற்றிக் காட்டவும் நீங்கள் சொல்லும் நாளில் வரத் தயாராக இருக்கிறோம். கடைவீதி முடிவு ரத்தாகும்வரை எங்களில் ஒருவரும் குதிரையைப் பதிவு செய்ய மாட்டோம். சென்ற ஆண்டு நாக்கு வெட்டுப்பட்ட குதிரையை நாலு மாதம் கஞ்சி ஊற்றித்தான் காப்பாற்ற முடிந்தது. அதன் லாயம் திடலிலிருந்து பத்து நிமிட நடை. குழுவிலிருந்து யாராவது ஒருவர் வந்து அதன் வாயைத் திறந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
ரோந்துக்குக் குதிரை தந்துவரும் குதிரைக்காரர்களும் சவாரித் தொண்டர்களும்